ஒறம்பரை

பேக்கரியில தேங்காய் பன் ஆறிப்போச்சு.
சென்னியப்பன் கிளப்பை விட்டுப் போயிட்டான்.
போனானா, தாட்டி விட்டாங்களா,
அதுலதான் சண்டை.

"காசுக்குப் போயிட்டானுங்க" என்கிறான் பூபாலன்.
இவன், போன மாசம்தான்
பீஸுக்கு அம்பது காசு கூடக் கிடைக்குதுன்னு
காங்கயம் ரோட்டுக் கம்பெனிக்கு மாறினவன்.

"அவன் முட்டி ஆபரேசனுக்கு ஆரு குடுத்தாங்க?
செக்கிங்ல நாங்க உண்டியல் குலுக்குனோம்,
மூவாயிரத்து நாப்பது ரூவா."
மயிலாத்தாள் கணக்கை மறக்கிறவள் இல்லை.
"அப்ப அவன வித்த காசுல
நமக்கும் பங்கு இருக்குதுங்களே?"
எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

கடைசி மேட்ச்சில்
ஆளில்லாத கோலுக்கு மேலே அடித்தானே,
அது வேணும்னேவா?
நசீர் ரெண்டு டீ கிளாஸை நட்டான்.
இது கம்பம், இது கம்பம், சர்க்கரைக் கட்டி பந்து.
மூணு தடவை சுண்டியும்
ஒருக்காகூட உள்ளே போகலை.

அப்பத்தான் செல்லில் படம் வந்தது.
புதுச் சட்டை. நெஞ்சுல கை.
முத்திரையைத் தொட்டானா, சொறிஞ்சானா?
ஒட்டுக்காத் தலையைக் கவுத்துப்
பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தோம்.
மயிலாத்தாள் மட்டும் கைமடிப்பைப் பார்த்தாள்.
"பிசிறு வெட்டல பாருங்க.
திருப்பூருத் தையல்தான்."

மார்கழியில் அந்த டீம் இங்கே ஆட வருது.
ஒறம்பரையாட்டம் வந்து
எதிர்ப்பக்கம் உக்காருவான்.
மேளம் கொண்டாறேன் என்கிறான் பூபாலன்.
அடிக்கிறதா வேண்டாமாங்கறத
அன்னிக்குப் பாத்துக்கலாமாம்.