இடது புருவம்

கொழிஞ்சாம்பாறைப் பூங்காவில்
லெப்டினன்ட் மிக்கேல்ராஜின் மார்பளவுச் சிலைக்கு
ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்னால்
ஆண்டுதோறும் நான்தான் பெயிண்ட் அடிக்கிறேன்.
கூலி எழுநூறு. தின்னர் என் செலவு.

சிமெண்டுதான்.
வெண்கலம் மாதிரித் தெரிய வேண்டும் என்பது
பஞ்சாயத்துத் தீர்மானம்.
கணவாய்க் காற்று சும்மா இருப்பதில்லை,
காய்வதற்குள் புழுதியைக் கொண்டுவந்து அப்பிவிடும்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வரும் லாரிகளின் புழுதி,
இரண்டு மாநிலத்தினுடையதும்.

மீசை சிற்பியின் யூகம்.
இருபத்து நாலு வயதில் அவனுக்கு அவ்வளவு வளரவில்லை.
கல்வெட்டில் மூன்று மொழிகள்;
அம்மாவோடு அவன் சண்டை போட்ட மொழிக்கு
இடம் போதவில்லையாம்.
சரி.

வலது காதுக்குள் இந்த வருஷம்
குளவி மண்கூடு கட்டியிருந்தது.
கிளார்க் சுரண்டச் சொன்னார்.
சுற்றி அடித்துவிட்டு விட்டுவிட்டேன்.
பேண்டு வாசிக்கும்போது
அந்தக் காதாவது அடைத்திருக்கட்டும்.

ஏழாம் வகுப்பில்
புளியங்காய்க்கு நான் எறிந்த கல்
அவன் இடது புருவத்தைப் பிளந்தது.
மூன்று தையல்.
யார் எறிந்தது என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது
படியில் விழுந்தேன் சார் என்றான்.
அதன்பின் ஒரு வாரம் என் சைக்கிளை அவன்தான் ஓட்டினான்,
கணக்கு தீர்ந்தது.

பட்டாளத்தில் சேர்ந்ததும் சொன்னான்,
உன் கல்லை ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டேன்டா.
அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு.

பெட்டியை யாருக்கும் திறந்து காட்டவில்லை.
கூட வந்த சுபேதார்
வாழைத்தோட்டத்து ஓரம் பீடி பற்றவைத்தபடி
என்னிடம் மட்டும் சொன்னார்,
அதை வைத்துத்தான்
இவன் இவனென்று தெரிந்ததாம்.

சிற்பிக்குக் கொடுத்த பாஸ்போர்ட் போட்டோவில்
யாரோ ஸ்டுடியோக்காரன்
தழும்பைத் துடைத்திருந்தான்.
புருவம் முழுசாக இருக்கிறது சிலைக்கு,
ஊருக்குப் புதிதாக வந்தவனைப் போல.

ஆகவே ஒவ்வொரு வருஷமும்
அந்த இடத்தில் பிரஷ்ஷைத் தூக்கிவிடுகிறேன்.
ஒரு நெல்லளவு.
அடிச் சிமெண்டு சாம்பலாகத் தெரியும்.

இங்கே விட்டுப்போச்சே என்கிறார் கிளார்க்.
வருஷா வருஷம் அதே இடமா?

டப்பாவில் பெயிண்ட் பாதிக்கு மேல் கிடக்கிறது.
தீர்ந்துபோச்சு சார் என்கிறேன்,
ஏணியை மடக்கிக்கொண்டே.