பசியாறாத காலை

நேற்றிரவு பத்து மணிக்குப் பிறகு
தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை.
காலை ஏழரை. ஜெலுத்தோங் கிளினிக்.
பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு வயிறுகள்,
எல்லார் மடியிலும் ஒரே இளஞ்சிவப்புப் புத்தகம்.

மிஸ்ஸி கூப்பிடுகிறாள்: "பு - நீ - தா."
பின்னால் இருக்கும் மலரைப்
பதிவேட்டிலேயே விட்டுவிட்டாள்.
பரவாயில்லை, கையை நீட்டுகிறேன்.
ஊசி முதல் குத்தில் நரம்பைத் தேடியது,
இரண்டாவதில் கண்டுகொண்டது.
சாம்பல் மூடி போட்ட சின்னக் குழாயில்
என் இரத்தம் இவ்வளவு கறுப்பா?

பிறகு அந்தக் குவளை.
சீனித் தண்ணீர் என்று சொன்னால் போதாது.
தீபாவளிக்கு மறுநாள்
பாகு ஒட்டிய சட்டியைக் கழுவி
அந்த நீரைக் குடி என்றால் எப்படி, அப்படி.
"ஐந்து நிமிடத்துக்குள். வாந்தி எடுத்தால்
இன்னொரு நாள் வரணும்."

செய்தி சொன்ன அன்று
நாத்தனார் என் வாயில் சீனி போட்டாள்,
ஒரு சிட்டிகை.
இன்று எழுபத்தைந்து கிராம்.

இனி இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும்.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில், சோதனைப் பிரிவு.
நகத்தளவுச் சில்லுகளைச்
சூட்டடுப்பில் வைத்து எடுத்து
எண் பார்த்துப் பிரிப்பேன்.
எல்லைக்கு ஒரு புள்ளி மேலே போனாலும்
சிவப்புத் தட்டு.
எட்டு வருடத்தில் எத்தனை லட்சம் தள்ளியிருப்பேன்!
சூட்டில் இருந்தபோது எப்படி இருந்தது என்று
ஒன்றிடமும் கேட்டதில்லை.

முப்பதாவது நிமிடம்
உள்ளே ஒரு உதை. பிறகு இன்னொன்று.
பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது.
அதுதான் பயம்.

பக்கத்து நாற்காலி சியூ ஹூன்.
வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.
கழிவறைக் கதவுக்குப் பின்னே சத்தம், குழாய்த் தண்ணீர்.
திரும்பி வந்தவளை மிஸ்ஸி கேட்டாள்.
"இல்லை, முகம் கழுவினேன்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் தாய்ப்பால் படத்தைப் பார்த்தேன்.

அவளுக்குக் கடை விடுமுறை தராது என்று
ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.
இன்னொரு நாள் என்றால் இன்னொரு நாள் கூலி.
எனக்குத் தெரியும்.
வேறொன்றும் தெரியும்:
சரியாகச் சுடாத சில்லும் நல்ல எண் காட்டும்.
நல்ல தட்டில் விழுந்து, பெட்டி ஏறி,
கப்பல் ஏறிப் போய்விடும்.

அவள் பெயரை அழைத்தபோது
சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.
எனக்கு அரை மலாய், அவளுக்கு அரை மலாய்.
"வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு.
உன்கூட வந்து உட்காருகிறேன்."
கையை உதறிக்கொண்டாள்.
இரண்டடி போனாள். நின்றாள்.
மிஸ்ஸியிடம் என்ன சொன்னாள், கேட்கவில்லை.
புத்தகத்தில் வேறு தேதி எழுதிக் கொடுத்தார்கள்.
என்னைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள்.

மதியம் என் முறை.
எல்லை ஏழு புள்ளி எட்டு.
நான் ஏழு புள்ளி ஒன்பது.

தொழிற்சாலையில் இப்படி வந்தால்
இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம்.
கேட்டேன்.
மிஸ்ஸி சிரித்தாள், கொடுமையாக அல்ல.
விரலில் குத்திப் பார்க்க ஒரு சின்ன மெஷின்,
கட்டம் போட்ட ஒரு தாள்:
காலை உணவுக்கு முன், உணவுக்குப் பின்,
நிரப்ப வேண்டிய கட்டங்கள் பிரசவம் வரைக்கும்.
புத்தகத்து அட்டையில் ஒட்டிய நிறம் மாறியது.
சிவப்பு இல்லை. பார்த்துக்கொண்டேன்.

சாலைக்கு எதிரே கடையில்
தே ஓ கேட்டேன், கோசோங்.
"சீனி வேண்டாமா?" என்று கடைக்காரர்
வயிற்றைப் பார்த்துக் கேட்டார்,
ஏதோ குறை வைப்பது போல.
அரைத் தோசை பிய்த்திருப்பேன், போன்.
பிறையிலிருந்து லோகேந்திரன்,
பின்னணியில் லாரி உறுமல்.

எண்ணைக் கேட்கவில்லை.
"பசியாறிட்டியா?" என்றான்.

தோசையை விழுங்கினேன்.
"இப்பதான்" என்றேன்.
பிறகு சொன்னேன்.