படிவத்தின் ஏழாவது கேள்வி

பெயர்: மெற்றில்டா.
வயது: இருபத்தெட்டு. மடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான்.
பங்கு: இரணைப்பாலை.
தொழில் என்ற இடத்தில்
மிதிவெடி அகற்றுநர் என்று எழுதினேன்.
கட்டம் போதவில்லை.
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறது.
கோட்டுக்கு வெளியே நிற்காதே என்பதுதான்
எங்கள் வேலையில் முதல் பாடம்.

ஏழாவதில் பேனை நின்றுவிட்டது:
"இறையழைத்தலை முதன்முதலில் எப்போது உணர்ந்தீர்?"

சிஸ்டர் யூஜினியா,
எனக்குக் குரல் ஒன்றும் கேட்கவில்லை.
கனவில் ஒருவரும் வரவில்லை;
செத்தது போல உறங்குகிறவள் நான்.

காலமை ஆறரைக்கு மாங்குளத்துக்கு அங்கால்
ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில் முழந்தாளிடுவேன்.
பதினொரு வயதில் ஓடிக் கடந்த நிலம்.
இப்போது ஒரு நாளைக்கு ஐந்து மீற்றர் போகிறேன்.
முகக் கண்ணாடிக்குள் என் மூச்சே என்னை அவிக்கும்.
கருவி கீச்சிடும். நிற்பேன்.
பக்கவாட்டில், சரிவாக, மெல்லக் கிளறுவேன்.
சோடா மூடி.
ஆணி.
பால்மாப் பேணியின் விளிம்பு.
ஒருமுறை, சின்னக் கால் ஒன்றின் கொலுசு.
நூறு கீச்சில் தொண்ணூற்றெட்டு ஒன்றுமில்லைத்தான்.
ஆனாலும் எந்தக் கீச்சையும்
இது ஒன்றுமில்லை என்று தாண்டிப்போக ஏலாது.
தாண்டினவள் தர்சிக்கா
இப்போது முல்லைத்தீவில் தையல் கடை வைத்திருக்கிறாள்,
இடது காலால் மட்டும் மெசின் மிதிக்கிறாள்.

அப்படித்தான் இதுவும்.
கோயிலில் இல்லை.
மீன் வாங்க நின்ற வரிசையில்,
புதுக்குடியிருப்பு பஸ்சில் கம்பியைப் பிடித்தபடி,
கடன் அறவிட வந்த பெடியனுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது
உள்ளே எங்கேயோ ஒரு கீச்சு.
சோடா மூடி என்றுதான் நினைத்தேன்.

ஐந்து வருசம் கிளறினேன், சிஸ்டர்.
தனிமையோ என்று பார்த்தேன்: இருந்தது.
பேசிவந்த கலியாணம் சீதனத்தில் முறிந்த கோபமோ: அதுவும் கிடந்தது, கறள் பிடித்து.
முதுகு நோவோ, இந்த வெயிலிலிருந்து தப்பும் வழியோ,
வெள்ளை உடுப்பில் ஆசையோ:
ஒன்றையும் மறைக்கவில்லை,
ஒவ்வொன்றாய் எடுத்து வாளியில் போட்டேன்.
வாளி நிறைந்தது.
கீச்சு நிற்கவில்லை.

எட்டு: கடன் உண்டா?
உண்டு. தங்கச்சி டொறினுக்குக் கோழிக்கூடு போட எடுத்தது.
கோழி நோயில் போனது, கடன் நோயில்லாமல் இருக்கிறது.
குழுக்கடன். நான் போனால் மற்ற நாலு பெண்கள் கட்டவேணும்.
நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள்,
"முடிச்சிட்டு வாங்கோ பிள்ளை."
கடவுள் பொறுப்பார், கொம்பனி பொறுக்காது.
இன்னும் பதினாலு தவணை.

ஒன்பது: பெற்றோர் சம்மதம்.
அம்மா மாவரித்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.
"இஞ்ச இருந்து கும்பிட்டா அவருக்குக் கேக்காதோ?"
எனக்கு மறுமொழி வரவில்லை, இப்போதும் இல்லை.
அன்றிரவு என் வேலைச் சப்பாத்து இரண்டையும்
உவரிச் சேறு போகத் தேய்த்துக் கழுவி
வேலியில் கவிழ்த்து வைத்திருந்தா.
போ என்பதா,
நாளைக்கும் வேலைக்குப் போ என்பதா?
அதற்குக் கட்டம் இல்லை படிவத்தில்.

இனி ஏழாவது.
திகதிதான் வேணுமென்றால் எழுதுகிறேன்:
போன ஆவணி பத்தொன்பது, பாலைமரத்துக்குக் கிழக்கே.
அன்று முழுக்கக் கருவி ஒருதரமும் கீச்சிடவில்லை.
பழுதோ என்று சோதனை ஆணியில் வைத்துப் பார்த்தேன், பழுதில்லை.
நிலம் வெறும் நிலமாய்க் கிடந்தது.
விசில் ஊதி மற்றவர்கள் தண்ணிக்குப் போய்விட்டார்கள்.
நான் எழும்பவில்லை.
முழந்தாளில் இருக்கிறேன் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

மேற்பார்வையாளர் கத்தினார், "மெற்றில்டா, என்ன கிடக்குது?"
"ஒண்டுமில்லை சேர்," என்றேன்.
சிவப்புத் தடியைத் தூக்கி
ஒரு முழம் முன்னால் நட்டேன்.