அறை எண் பதினொன்று

துடைப்பங்கள் வைத்திருந்த அறையை
எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.
ஜன்னல் கிடையாது.
ஹீட்டர் நாள் முழுக்கத் தொண்டையைச் செருமும்.
மெய்ன் கடற்கரையின் கடைக்கோடியில்
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குக்
கல்லூரி ஆலோசகர் நான் ஒருத்தி,
செவ்வாயும் வியாழனும்.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறேன்.
தலைமையாசிரியர் சிரித்தார்:
"பல் முளைக்கும் முன்னேவா பட்டாணி?"
சிரிக்கட்டும்.
அவருக்கு ஜோலீனைத் தெரியாது,
போன வருடம்தான் மாற்றலாகி வந்தார்.

தேயர் பீல், வயது பதினாலு,
பாதி நாற்காலியில், பாதி கதவில்.
பூட்ஸிலிருந்து இரைமீன் வாடை.
"இன்னும் நாலு வருஷம் இருக்கே, மிஸஸ் ஊலெட்."
இருக்கிறது.
அந்த நாலில் முதலாவதும்
மதிப்பெண் பட்டியலில் ஏறும் என்று
யாரும் இவர்களிடம் சொல்வதில்லை.
பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தைக் கைவிட்டால்
பன்னிரண்டில் ஒரு கதவு
சத்தமே இல்லாமல் சாத்திக்கொள்ளும் என்றும்.

ஜோலீனுக்குச் சாத்திக்கொண்டது.
கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று வந்தாள்,
பன்னிரண்டாம் வகுப்பு, நவம்பர், முதல் பனி.
இரண்டாம் இயற்கணிதம் எங்கே என்றேன்.
பாட்டு வகுப்பும் அதுவும் ஒரே மணியில் இருந்ததாம்.
பாட்டை எடுத்துக்கொண்டாளாம்.
"யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றாள்.
அந்த யாரும் நான்தான்.

படிவத்தை அவன் பக்கம் நகர்த்துகிறேன்.
பள்ளி முடிந்ததும் என்ன செய்வாய்?
ஒன்றுமில்லை என்று எழுதுகிறான், எழுத்துப்பிழையோடு.
ஒன்றுமேயா?
மிதவைகளுக்குச் சாயம் அடிப்பானாம்.
வேறு?
விடுமுறையில் ஐம்பது கூண்டு, சொந்த உரிமம்,
சிங்கி இறால்.
அப்புறம், சும்மா, தண்ணீரின் சூட்டை எழுதி வைப்பானாம்.
எதற்கு?
"போன வருஷம் அதுங்க முன்னாடியே ஆழத்துக்குப் போயிடுச்சு.
எப்போன்னு தெரிஞ்சுக்கணும்."

சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டு.
உப்பில் ஊதிப்போன பக்கங்கள்,
இரண்டு கோடைகள், ஒரு நாள்கூட விடாமல்.
என் பேனா தானாகவே பாய்கிறது
'செயல்பாடுகள்' என்ற கட்டத்துக்கு.
அவன் கையால் மறைக்கிறான்.
"அதை எழுதாதீங்க.
எங்க கூண்டு போடறேன்னு மாமாவுக்குத் தெரிஞ்சிடும்."

சிரிப்பை விழுங்கினேன்.
இடம் வேண்டாம், எண்களை மட்டும் எழுதலாம் என்றேன்.
கூரையைப் பார்த்தான்.
பதினொன்றாம் வகுப்பில் பார்க்கலாம் என்றான்.
சரி, இயற்கணிதம்?
"அது ரகசியம் இல்ல. போட்டுக்கோங்க."

மாலை, பெற்றோர் கூட்டம். நாலு பேர் வந்தார்கள்.
காபி முப்பது பேருக்கு.
வரிக் காகிதம், உதவித்தொகை, கடைசித் தேதி
எல்லாம் சொல்லி முடித்ததும்
தேயரின் அப்பா
தொப்பியின் விளிம்பைத் தடவியபடி கேட்டார்:
"இதெல்லாம் அவன் போறதுக்கா,
திரும்பி வர்றதுக்கா?"
நான் அச்சடித்துக் கொண்டுபோன தாளில்
அந்தக் கேள்வி இல்லை.
இன்னொரு காபி ஊற்றிக் கொடுத்தேன்.

வீடு திரும்பும் வழியில் பெட்ரோல்.
கல்லாவில் ஜோலீன்.
எந்திரத்தைப் பார்க்காமலே மீதியைச் சொல்கிறாள்,
ஒரு சதம் பிசகாமல்.
"நாளைக்குப் பனி வரும்" என்கிறாள், கோபமே இல்லாமல்.
கோபப்பட்டால் தேவலை.

என் பையில் மாலைக் கல்லூரி விண்ணப்பம் ஒன்று
ஆகஸ்டிலிருந்து மடிந்து கிடக்கிறது.
சீக்கிரம் தொடங்குங்கள், சீக்கிரம் தொடங்குங்கள் என்று
பகலெல்லாம் பத்தொன்பது பிள்ளைகளிடம் சொன்ன வாய்
"நன்றி, ஜோலீன்" என்று மட்டும் சொல்லி
வெளியே வந்துவிடுகிறது.

கார் வரை போனேன்.
சாவியைப் போட்டேன், எடுத்தேன்.
திரும்பக் கதவைத் தள்ளியபோது
மேலே கட்டியிருந்த மணி அடித்தது.
"எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள்.