ஒன்பதாவது பெட்டி

விருந்தாளி அமைச்சர் "சகோதரர்களே" என்றார், ஆங்கிலத்தில்.
அது பிரெஞ்சாகி என் காதுக்கு வந்தது.
நான் அதை மலகாசியாக்கி
எங்கள் அமைச்சரிடம் சேர்த்தேன்.
மூன்று கை மாறியதில்
சொல் கொஞ்சம் ஆறிப்போயிருந்தது.

"ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால்
போர்னியோவின் ஆற்றுமுகத்திலிருந்து
எங்கள் படகுகளில் புறப்பட்டவர்கள் நீங்கள்."
கைதட்டல்.
நானும் தட்டியிருப்பேன், கையில் குறிப்பேடு.

அப்புறம் கிராம்பு.
அவர்கள் தீவில் பிறந்த மரம்,
எங்கள் மண்ணில் மொட்டு விட்டு
அவர்கள் சிகரெட்டில் எரியப் போகிறது.
மூட்டை என்ன விலை என்று வந்தபோது
சகோதரர்கள் இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள்.
நாலு மணி நேரம்.
தாயும் பிள்ளையும்தான்;
வாயும் வயிறும் வேறு.

என் அம்மாவின் ஆட்கள் மக்குவா.
மொசாம்பிக் கரையிலிருந்து
சங்கிலியில் வந்தவர்கள்.
அந்தப் படகுக்கு உரையில் ஒரு வரி இல்லை.
மொழிபெயர்ப்பவள் எதையும் சேர்க்கக் கூடாது.
சேர்க்கவில்லை.

இவாத்து விமான நிலையத்தில் மழை.
பெட்டிகளுக்குப் பொறுப்பு ஹாடியன் என்ற ஒருவன்,
பாரிட்டோ ஆற்றங்கரைக்காரன், மஆன்யான்.
பிரெஞ்சு தெரியாது.
ஆங்கிலம் 'ஓகே' வரைக்கும்.
வானத்தைக் காட்டி "உரான்" என்றான்.
எங்களுக்கு அது "ஊரன".
குடையை ஏன் மடக்கினேன் என்று
இப்போதும் தெரியவில்லை.

அவன் எண்ணத் தொடங்கினான்,
தனக்குத்தானே, வீட்டு மொழியில்,
ஒவ்வொரு பெட்டியையும் தட்டித் தட்டி.
மூன்றுக்கு "தெலு" என்றான்.
கேட்காமலே என் வாயும் "தெலு" என்றது.
நிமிர்ந்து பார்த்தான்.
அடுத்ததைத் தட்டாமல் காத்திருந்தான்.
நான்கை நான் சொன்னேன், அவன் தலையாட்டினான்.
ஐந்துக்கு அவன் "திமே", நான் "திமி".
எட்டு வரைக்கும் ஒரே ஓட்டம்,
மாடிப்படியில் இறங்கும் பிள்ளைகள் மாதிரி.
ஒன்பதுக்கு அவன் "சுவே", நான் "சிவி".
அங்கே தடுக்கி நின்றோம்.

ஒன்பதாவது பெட்டியும் அங்கே இல்லை.
அது அமைச்சருடையது.
கையெழுத்தான தாள் அதற்குள்தான் என்று யாரோ சொல்ல,
இரண்டு அரசாங்கங்கள்
தொலைபேசியில் கத்த ஆரம்பித்தன,
ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று பிரெஞ்சில்.
என்னை எல்லோரும் தேடினார்கள்.

அவன் மறுபடி "சுவே" என்றான்,
எனக்காக, மெல்ல, உதட்டைக் குவித்து.
சொல்லிப் பார்த்தேன்.
சரியாக வரவில்லை.
மழையில் நனைந்துகொண்டிருந்தன
எட்டுப் பெட்டிகள்.