நீளம் முதலில்

நான்தான் நகலெடுத்தேன்.
மறைக்க வழியில்லை,
கோப்பின் தலையிலேயே எஸ்கோ என்று இருக்கிறது.

தூர்க்குவில் எங்கள் அலுவலகம்.
ஆற்றைப் பார்த்த ஜன்னலில் நான்: படகுக்குச் சீட்டு விற்கும் தளம்.
முற்றத்தைப் பார்த்த ஜன்னலில் ஹில்லெவி:
துறையில் வண்டிகளை அடுக்கும் தளம்.
நடுவே பதினோரு அடி, ஒரு காபி இயந்திரம்.

என் நிரல் அவள் நிரலைக் கூப்பிட்டுக் கேட்கும்,
இந்த வண்டிக்கு இடம் உண்டா?
நீளம் இவ்வளவு, உயரம் இவ்வளவு.
எங்கோ ஒரு சர்வரில் இருந்துகொண்டு
அது உண்டு என்னும், இல்லை என்னும்.
கேள்வியின் வடிவம் நாலே வரி, உடம்பு கிடையாது:
எந்தப் பெயரில் கூப்பிடுவது,
எதை முன்னால் வைப்பது,
என்ன திரும்பி வரும்.
அதை அவள் திட்டத்திலிருந்து என் திட்டத்தில்
ஓர் ஏப்ரல் மாலை ஒட்டிக்கொண்டேன்.
நாலு வரிக்குத் தனி வீடா கட்டுவார்கள்?

நவம்பரில் ஒரு செவ்வாய்
தன் பிரதியில் உயரத்தை முன்னுக்கு நகர்த்தினாள்.
அவளுக்குக் காரணம் இருந்தது.
என் பிரதிக்குத் தகவல் இல்லை.
இரண்டும் எண்கள்;
எண்ணுக்கு எண் சரி என்று
இரு பக்கமும் தலையாட்டின.

புதன் காலை. மழையும் இல்லை பனியும் இல்லை,
இரண்டும் கலந்த சேறு வானத்திலிருந்து.
குதிரை ஏற்றிய இழுவை வண்டி ஒன்று,
ஆறு மீட்டர் நீளம், இரண்டரை உயரம்.
எங்கள் கணக்கில் அது
இரண்டரை மீட்டரில் ஒடுங்கி
ஆறு மீட்டருக்கு நிமிர்ந்து நின்றது.
திறந்த தளம், மேலே வானம்,
உயரத்தை யாரும் தடுக்கவில்லை.
அன்று விற்ற கார்கள் எல்லாமே அப்படித்தான்
குத்துக்காலில் நின்று கடல் தாண்டவிருந்தன.

படகு நிறைந்து போனது.
ரூஸ்கா என்ற அந்தப் பெண்குதிரை
துறையில் இரண்டு மணி நேரம்.
உடைமைக்காரி சிர்ப்பா எழுதினாள்:
குதிரை நிற்கிறது. நானும் நிற்கிறேன். நீங்கள்?

நாங்கள் உட்கார்ந்துதான் இருந்தோம்.

அப்புறம்தான் மூன்றாவதாக ஒரு திட்டம்.
அதில் எதுவும் நடக்காது.
அந்த நாலு வரி மட்டும் இருக்கும்,
என்னுடையதும் அவளுடையதும் அதைச் சார்ந்து நிற்கும்.
ஒரு சொல் புரண்டால்
இருவர் திரையும் சிவந்து
கடலுக்குப் போகுமுன்பே நின்றுவிடும்.
அதற்குப் பெயர் வைக்க மூன்று நாள் சண்டை.
எது முதலில் என்பதற்கு
துறையில் கயிறு கட்டும் தாவெட்டியைக் கேட்டோம்,
வண்டி வந்தால் முதலில் என்ன பார்ப்பாய்?
பதில் சொல்லவில்லை,
கையுறை போட்ட இரு கைகளையும் அகல விரித்தான்.

நேற்று ஹில்லெவிக்கு
எடையும் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.
நாற்காலியைத் திருப்பினாள்.