ஒன்பதாவது டேக்

மூன்றாவது டேக்கில் மெழுகுவர்த்தி
ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது.
அரசியின் கண்ணீர் இடது கன்னத்திலிருந்து
வலது கன்னத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது.
குறித்துக்கொண்டேன்.
இதற்குத்தான் காஸபிளாங்காவிலிருந்து
பஸ் ஏற்றி வர்ஸாஸாத்துக்கு வரவழைத்தார்கள்:
ஒரு மடக்கு நாற்காலி, நாலு நிறத்தில் பேனா.
மெழுகுவர்த்தி அந்தக் காலத்தில் உண்டா என்பது
ஆலோசகர் பாடு.
அவர் உட்ரெக்டில் இருக்கிறார்.
வெள்ளிக்கிழமைதோறும் மின்னஞ்சல் வரும்.

ரோமாபுரிக்கும் நுமிதியாவுக்கும் யுத்தம்.
குன்று முழுக்கச் சப்பாத்திக்கள்ளி.
அமெரிக்காவிலிருந்து கப்பலேறி
அது இங்கே வந்து சேர
இன்னும் ஆயிரத்து அறுநூறு வருஷம் இருக்கிறது.
வெட்டிவிடலாமா என்றேன்.
வெளிச்சம் போகிறது என்றார் இயக்குநர்.

அங்கவடி இல்லாமல் குதிரையேற
இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்பவில்லை.
நுமிதிய அரசனுக்கு நீலக் கண்.
இந்த மண்ணில் பிறந்த முந்நூறு பேர்
ரோமர்களாகி அவனைத் தோற்கடிக்கிறார்கள்,
தினக்கூலிக்கு. சாப்பாடு தனி.
அதெல்லாம் சரித்திரம். என் இலாகா இல்லை.
வெட்டுப்பட்டது எந்தக் கை,
அது மட்டும் என் இலாகா.

மிமூன் காலையில் செத்தான்,
தொண்டையில் அம்போடு, அண்மைக் காட்சியில்.
சாப்பாட்டுக்குப் பிறகு அதே மிமூன்
கேடயத்தோடு குன்றேறுகிறான்.
கூப்பிட்டுக் கேட்டேன்.
"செத்தது என் தம்பி
என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

முகத்தை விடலாம். மணிக்கட்டு?
வாளை உயர்த்தும்போதெல்லாம்
அங்கே ஒரு வெள்ளை வளையம்.
கடிகாரத்தைக் கழற்றிவிட்டான்,
இருபது வருஷ வெயிலைக் கழற்ற முடியவில்லை.
இத்தோ மூன்று முறை மை பூசினாள்.
மூன்று முறையும் வியர்வை கழுவிவிட்டது.

கடிகாரம் அரைக்கச்சைக்குள் இருந்தது.
நாலேகாலுக்கு அவன் பார்லிக்குத் தண்ணீர் முறை.
ஒரு நிமிஷம் பிந்தினாலும்
வாய்க்கால் பக்கத்து வயலுக்குத் திரும்பிவிடும்.
அடுத்த முறைக்குப் பதினொரு நாள்.

இதற்கிடையில் அரசனின் கூடாரத்தில்
இன்னொரு பிழை.
செம்புக் கிண்ணத்தில் மதுவுக்குப் பதில் மாதுளம் சாறு.
யாரும் வாய் வைக்கவில்லை,
ஆனால் டேக்குக்கு டேக் குறைகிறது.
சிவப்பில் ஒரு கோடு போட்டேன், பச்சையில் ஒன்று.
பிறகுதான் கை வைத்துப் பார்த்தேன்,
மேஜை விரிப்பு நனைந்திருந்தது.
கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை.
பழைய சாமான் கடையில்
எடை போட்டு வாங்கினார்களாம்.

மிமூன் சிரித்த சிரிப்பில் தலைக்கவசம் உருண்டது.
"குடிக்கிறதா இது? தண்ணீர் வட்டில், அம்மணி.
தொட்டியில் மிதக்க விடுவார்கள்.
துளை வழியே நீரேறி மூழ்கும்.
ஒரு மூழ்கல், ஒரு பங்கு.
இதைப் பார்த்துத்தான் மடை திறந்தார்கள்
எங்கள் ஆட்கள், கடிகாரம் வருகிற வரைக்கும்."

ஒட்டகம், கூடாரம், ஒட்டுத்தாடி,
நார்க்கண்ணாடியில் வார்த்த சிங்கங்கள்,
இத்தனைக்கும் நடுவில்
காலம் தெரிந்த ஒரே சாமான் அதுவாக இருக்கலாம்.
அதில்தான் சாறு ஊற்றி வைத்திருந்தோம்.

உட்ரெக்டுக்கு எழுதவில்லை.
வளர்ந்த மெழுகுவர்த்தியில் ஓர் அங்குலம் கிள்ளி
துளையை அடைத்தேன்.
இரண்டு கணக்கும் நேரானது.

நாலு மணி. ஒன்பதாவது டேக்.
அரசன் சரணடைகிறான்.
கண்ணீர் இடது கன்னத்தில்,
சாறு விளிம்பு வரைக்கும்,
எல்லாம் அதனதன் இடத்தில்.
கூடார வாசலுக்கு அப்பால், வெகு தூரத்தில்,
பேரீச்சந்தோப்பை நோக்கி
ஒரு கோடு தூசி எழுந்து ஓடிற்று.
சிவப்பு மேலங்கி காற்றில் உப்ப,
ஒரு மொபெட்.

"அது என்ன தூசி?"
மானிட்டரை விரலால் தட்டினார் இயக்குநர்.

பேனாவை மூடினேன்.
"நுமிதியக் குதிரைப்படை."